இருபத்து நான்கு கூடை, நான்கு மாம்பழம்

முத்தாபுதுப்பேட்டை,
8.10.2025

யூஜின் சாருக்கு,

இயேசுவுக்குப் புகழ் என்று எழுதித் தொடங்குவதுதான் நம் பள்ளிக்கூட வழக்கம். திட்டப் போகிற கடிதத்தில் அவரை முதல் வரியில் நிற்க வைப்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் அனுப்புவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பழைய ஸ்டாஃப் குரூப்பில் போட்டு, கீழே ஒரு சிரிக்கிற பொம்மையும் போடுவீர்கள். போன வருஷம் அதைத்தான் செய்தீர்கள். உங்கள் நம்பரை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான்காம் வகுப்புக்கு நான் தயாரித்த முதல் பருவக் கணக்கு வினாத்தாளை நம் கரஸ்பாண்டன்ட் பாதர் கிறிஸ்துராஜ் உங்களுக்கு அனுப்பி நிபுணர் கருத்து கேட்டிருக்கிறாராம். நிபுணர் நீங்கள். சில வருஷம் எங்களோடு மூன்றாம் வகுப்பு எடுத்தீர்கள். ஏப்ரலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு ஆப் செய்கிற கம்பெனிக்குப் போனீர்கள். மழைக்காலம் வருவதற்குள் நிபுணராகிவிட்டீர்கள். இருபத்தாறு வருஷமாக டீச்சராகவே இருக்கிற எனக்கு அந்த வித்தை தெரியவில்லை.

பாதர் உங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது, நடந்ததை நானே சொல்கிறேன். வகுப்பில் முப்பத்திரண்டு பேர். போன வருஷம் உங்களிடம் கணக்கில் தொண்ணூறுக்குக் குறைந்தவர்களே இல்லை. இந்தப் பருவம் என்னிடம் ஐந்து பேர்தான் பாஸ். பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு என்னை நான்காம் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கருத்தைப் பார்த்துத்தான் பாதர் முடிவு செய்வார்.

இனி, பிள்ளைகள் எழுதியதைக் கேளுங்கள். 'ஒரு கூடையில் 6 மாம்பழங்கள் உள்ளன. 24 கூடைகளில் எத்தனை மாம்பழங்கள் இருக்கும்?' இதுதான் முதல் கணக்கு. இருபத்தைந்து பேர் எழுதிய விடை நான்கு. இருபத்து நான்கு கூடைகளுக்கும் சேர்த்து நான்கே நான்கு மாம்பழம். அதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. வலது பக்கம் கோடு போட்டு வழிமுறை, கீழே 'விடை: 4 மாம்பழங்கள்', அதற்கு அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு. அடுத்த கணக்கு: 'அம்மா 8 முறுக்குகளை 4 பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுத்தாள். ஒருவருக்கு எத்தனை?' ஆளுக்கு முப்பத்திரண்டு முறுக்கு கிடைத்திருக்கிறது. அதற்கும் இரண்டு கோடு.

ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சேர்ந்து பாட்டு மாதிரி சொன்னார்கள்: "சின்னது சின்னது பெருக்கு, பெருசு சின்னது வகு." யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதும் முகமெல்லாம் பல்லாக "யூஜின் சார்" என்றார்கள்.

உங்கள் திறமையை ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பெருக்கல் என்றால் வாய்ப்பாட்டில் உள்ள இரண்டு சின்ன எண்கள். வகுத்தல் என்றால் ஒரு பெரிய எண், ஒரு சின்ன எண். ஆகவே கணக்கைப் படிக்கவே வேண்டாம், எண்களைப் பார்த்தால் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். பிள்ளைகள் படிக்கவில்லை, நீங்களும் படிக்க வைக்கவில்லை, எல்லோருக்கும் தொண்ணூற்றைந்து. நான்காம் வகுப்பில் பெரிய எண்ணைப் பெருக்கச் சொன்னதும் வண்டி குடை சாய்ந்தது.

நீங்கள் பாதருக்கு எழுத வேண்டியது ஒன்றுதான். இந்தப் பாட்டு யாருடையது என்று எழுதுங்கள். என் வகுப்பு என்னிடம் இருக்க அது போதும்.

ஞானகுமாரி

*

குமணன்சாவடி,
13.10.2025

மதிப்பிற்குரிய ஞானகுமாரி டீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து வழக்கம்போல முத்து முத்தாக இருக்கிறது. எழுதியிருக்கும் விஷயத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

நான் பதிலைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன். உங்களுக்கு அதுவும் ஒரு குற்றமாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

நான் சேர்ந்தபோது அந்த மூன்றாம் வகுப்பு எப்படி இருந்தது என்று மறந்துவிட்டீர்கள். வாழ்க்கைக் கணக்கு என்று போர்டில் எழுதினாலே பாதிப் பேருக்கு ஒன்றுக்கு வரும். கூடையும் மாம்பழமும் முறுக்கும் வருகிற இந்தக் கணக்குகளுக்கு வாழ்க்கைக் கணக்கு என்று பெயர் வைத்தவர் எந்தப் பிள்ளையையும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அபிஷேக் என்று ஒரு பையன், கணக்கு பீரியடில் வயிற்று வலி என்று பெஞ்சில் படுத்துக்கொள்வான். அவர்களுக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது. கொடுத்தேன். படுத்துக் கிடந்தவன் எழுந்து கை தூக்கினான். நீங்கள் பாட்டு என்று கிண்டல் செய்வது அவர்களுக்கு முதல் வெற்றி. இன்று எங்கள் ஆப்பில் லட்சம் பிள்ளைகள் அந்த வெற்றியை அனுபவிக்கிறார்கள். கணக்கில் உள்ள எண்கள் மஞ்சளாக மின்னும், தேவையில்லாத வார்த்தைகள் மங்கலாகிவிடும். ஐந்து விநாடியில் விடை. உங்கள் வகுப்பில் ஐந்து விநாடியில் கிடைப்பது திட்டு மட்டும்தான்.

உங்கள் வினாத்தாளைப் பார்த்தேன். பத்து வாழ்க்கைக் கணக்கு. பத்திலும் என் வழியைப் பயன்படுத்தினால் தப்பாகத்தான் வரும். பத்தில் இரண்டு அப்படி இருந்தால் அது தேர்வு. பத்துமே அப்படி என்றால் அது பொறி. பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று பார்க்க நீங்கள் அந்தத் தாளை எழுதவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்ட எழுதினீர்கள். அதற்கு ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பவித்ராவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. என் வகுப்பில் முதல் பரிசு வாங்கியவள். நூற்றுக்கு நூறு. இந்தத் தாளில் ஏழு மார்க். அவள் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, 'இவள் வீட்டில் மாம்பழம் காய்க்கும்போது நமக்கும் ஒரு கூடை தரச் சொல்லலாமா, உள்ளேதான் ஒன்றும் இருக்காது' என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னீர்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். லீவு முடிந்து பள்ளி திறந்தும் அவள் வரவில்லை என்று அவள் அப்பா அழகேசன் எனக்குப் போன் செய்தார். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதிவிட்டேன்.

பாதருக்கு என் கருத்தைத் தீபாவளிக்குப் பிறகு அனுப்புவேன். நடுநிலையோடுதான் இருக்கும். நீங்கள் சொல்லிக் கொடுக்கும்படி எழுத நான் இப்போது உங்கள் ஜூனியர் இல்லை.

இப்படிக்கு,
யூஜின்

*

முத்தாபுதுப்பேட்டை,
17.10.2025

யூஜின் சாருக்கு,

ஆமாம், பொறிதான். எலி இருக்கிற வீட்டில் வேறு எதை வைப்பார்கள்?

ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. கணக்கை உரக்கப் படி என்பேன், படிப்பார்கள். என்ன கேட்டிருக்கிறார்கள் என்பேன், வாயைத் திறக்க மாட்டார்கள். பெருக்கலா வகுத்தலா என்று கேட்டால் மட்டும் பட்டென்று பதில் வரும். மூன்று மாதம் தலைகீழாக நின்று பார்த்தேன். உங்கள் பாட்டைப் பிடுங்க முடியவில்லை. பாட்டு தப்பாகும் கணக்கு ஒன்று கொடுத்தால், பிள்ளைகள் அந்தக் கணக்குதான் தப்பு என்கிறார்கள். பத்திலும் தப்பானால்தான் பாட்டு தப்பு என்று உறைக்கும் என்று நினைத்தேன். உறைத்தது. ஆனால் பாட்டு தப்பு என்று அவர்கள் நினைக்கவில்லை, தாங்கள் மக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பவித்ரா அப்பா என்னிடமும் வந்தார். தண்ணீர் கேன் வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். "இன்னா டீச்சர், போன வருசம் நூறு வாங்கின புள்ள இந்த வருசம் ஏழு வாங்கிகினு வருது. ஒரு லீவுல மண்டை கரைஞ்சிடுமா? படுத்துகினே கீது, இஸ்கூலுன்னா எந்திரிக்க மாட்டேங்குது. நீ இன்னா சொன்னே அத்த?" என்று கேட்டார். நான் சொன்னதை அவரிடம் திருப்பிச் சொன்னேன். அவர் கத்தவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தியிருந்தால் தேவலாம் போல் இருந்தது.

இதை எழுதிவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டாம். என் நாக்கு கெட்டது. அதனால் உங்கள் பாட்டு நல்லதாகிவிடாது. லட்சம் பிள்ளைகள் என்று பெருமை அடித்திருக்கிறீர்கள். தேவையில்லாத வார்த்தைகளை மங்கலாக்குகிறீர்களாம். கூடை, மாம்பழம், சமமாக, ஒவ்வொருவருக்கும், எல்லாம் தேவையில்லை. அப்புறம் அங்கே என்ன கணக்கு மிச்சம் இருக்கிறது? மஞ்சள் பல்பு ரெண்டு மிச்சம் இருக்கும்.

உங்கள் மகள் ரெனிதாவுக்கும் ஒன்பது வயதுதானே? பூந்தமல்லியில் பெரிய பள்ளிக்கூடம், நான்காம் வகுப்பு, ஆப்பில் தங்கப் பதக்கம் என்று பழைய ஸ்டாஃப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். ஒரு வேலை செய்யுங்கள். என் மாம்பழக் கணக்கை இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதி அவளிடம் கொடுங்கள். மஞ்சள் வேண்டாம், மங்கல் வேண்டாம், சாதாரண பென்சிலில். அதற்கப்புறம் பாதருக்கு எழுதுங்கள். அவள் நூற்று நாற்பத்து நான்கு என்று சொல்லிவிட்டால் நான் நாளைக்கே என் சாமான்களை எடுத்துக்கொண்டு நான்காம் வகுப்பைவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

ஞானகுமாரி

*

குமணன்சாவடி,
27.10.2025

ஞானகுமாரி டீச்சர் அவர்களுக்கு,

என் மகளை உங்கள் பந்தயத்தில் நிறுத்துவதாக இல்லை. ஒரு பெண் குழந்தையை வீட்டில் படுக்க வைத்தது போதும்.

பாதருக்கு என் கருத்தை இன்று அனுப்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் எழுதினான் என்று நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக முக்கியமான வரிகளை இங்கே தருகிறேன். 'இந்த வினாத்தாள் மாணவர்களின் வயதுக்கும் முன்கற்றலுக்கும் பொருந்தவில்லை. தயாரித்தவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இன்றைய கற்பித்தல் முறைகளில் அவருக்குப் பயிற்சி தேவை. இந்த வகுப்பை இளம் ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைப்பது மாணவர்களின் தன்னம்பிக்கையை மீட்க உதவும்.'

எங்கள் ஆப்பை ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருவதாகவும் எழுதியிருக்கிறேன். போனில் சொன்னதுமே பாதர் அதில் மிகவும் ஆர்வம் காட்டினார்.

பாட்டு யாருடையது என்று எழுதச் சொன்னீர்கள். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. கம்பெனி விளம்பரத்திலேயே என் பெயரோடு இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அது தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பில்லை.

இதற்கு மேல் கடிதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

யூஜின்

*

முத்தாபுதுப்பேட்டை,
4.11.2025

யூஜின் சாருக்கு,

தேவையில்லை என்று நீங்கள் சொன்ன கடிதம் இது. மங்கலாக்கிக்கொண்டு படியுங்கள்.

நேற்று என்னை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். பாதர் உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க நல்லதுக்குத்தான் டீச்சர், சின்னப் புள்ளைங்கன்னா டென்ஷன் இல்ல" என்றார். ஒன்றாம் வகுப்பில் டென்ஷன் இல்லை என்று சொல்கிறவர் முப்பது பேருக்கு மூக்கைச் சிந்திவிட்டதில்லை. நான்காம் வகுப்புக்கு ஸ்வாதி என்று புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். படிப்பை முடித்து ஒரு வருஷம் ஆகவில்லை. நல்ல பெண்தான். பெரிய டிவியில் உங்கள் ஆப்பைப் போட்டுவிட்டு ஓரமாக நிற்கிறாள். பக்கத்து அறையில் நட்சத்திரம் விழுகிற சத்தம் சிலிங் சிலிங் என்று எனக்குக் கேட்கிறது. நடுவில் பிள்ளைகளின் கைதட்டல். எல்லோருக்கும் தொண்ணூற்றைந்து வரப் போகிறது. பெற்றோர்களுக்கு சந்தோஷம், பாதருக்கு சந்தோஷம். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எனக்கு வயிறு எரிகிறது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

பவித்ரா மேல் உங்களுக்கு அக்கறை இருப்பதுபோல் எழுதியிருந்தீர்கள், ஆகவே சொல்கிறேன். உங்கள் அக்கறை அவள் வீடுவரைக்கும் போகவில்லை, என் கால் போனது. முதல் தடவை அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அம்மா எனக்கு டீ கொடுத்தார், நான் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை போனபோது, நான் சொன்னது தப்பு, வகுப்பில் சிரிக்க வைத்தது அதைவிடத் தப்பு என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "கூடைல மாம்பழம் கீதுன்னு நான் பாக்கவே இல்ல டீச்சர். ஆறும் இருவத்தி நாலும்தான் பாத்தேன்."

நிபுணர் கருத்து என்றால் இதுதான். உங்கள் இரண்டு பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வருகிறாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். டியூஷன் இல்லை, காசு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு. முதலில் எண்களைப் பேப்பர் துண்டு வைத்து மறைத்துவிடுகிறேன். கதையை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறது, அது கூடுமா குறையுமா, விடை பெரிதாக வருமா சின்னதாக வருமா என்று சண்டை போட வேண்டும். அதற்கப்புறம்தான் துண்டை எடுப்பேன். ஐந்து விநாடியில் ஒன்றுமே நடக்காது. உங்கள் கம்பெனியில் இதை ஒரு பைசாவுக்கு வாங்க மாட்டார்கள்.

பள்ளியில் இருக்கிற மற்ற இருபத்தேழு பேர் உங்களுடையவர்கள். நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஞானகுமாரி

*

குமணன்சாவடி,
16.11.2025

டீச்சர்,

இதைக் கையால் எழுதுகிறேன். ஆபீஸ் லேப்டாப்பில் அடிக்கிற விஷயம் இல்லை.

வெள்ளிக்கிழமை மழை லீவு. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று காலையிலிருந்து போன் மேல் போன், எங்கேயும் போக முடியாமல் வீட்டில் இருந்தோம். ரெனிதா ஆப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு உங்கள் கடிதம் கண்ணில் பட்டது. உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் அந்தக் கணக்கை எழுதினேன். அதை மறைக்கவில்லை. ஒரு கூடையில் ஆறு, இருபத்து நான்கு கூடை. சாதாரணப் பென்சில்.

தாளைப் பார்த்த உடனே "ஃபோர்" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "டிவைட் இல்லையாப்பா? அப்போ மல்டிப்ளையா?" என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் பெருக்கிப் பார்த்து நூற்று நாற்பத்து நான்கு என்றாள். சரியான விடை. எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "உங்க மூஞ்சி மாறுச்சு" என்றாள். எத்தனை மாம்பழம் என்று கேட்டேன். எந்த மாம்பழம் என்று கேட்டாள்.

இன்னும் நாலைந்து கணக்கு எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு விடை சொல்வாள், என் முகத்தைப் பார்ப்பாள், தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வாள். நான் முகத்தை மாற்றாமல் வைத்திருந்த கணக்கில் அழ ஆரம்பித்துவிட்டாள். தங்கப் பதக்கம் வாங்கியவள் டீச்சர். அவள் கணக்கில் கெட்டிக்காரி என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் கணக்கைப் படித்ததே இல்லை. என்னைப் படித்திருக்கிறாள்.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு ஒரு உதவி வேண்டும். சனிக்கிழமை வகுப்பில் அவளையும் சேர்த்துக்கொள்வீர்களா? நானே கொண்டு வந்து விடுகிறேன். என்ன ஃபீஸ் சொன்னாலும் தருகிறேன்.

பாதர் விஷயம். உங்களுக்கு நடந்ததில் எனக்கு வருத்தம்தான். நான் ஏதாவது எழுத வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் என் நிலைமையையும் யோசியுங்கள். பெயரோடு விளம்பரம் வந்துவிட்டது. நான் எழுதுகிற எதையும் என் சொந்தக் கருத்து என்று கம்பெனி விட்டுவிடாது. ஃபிளாட்டுக்கு லோன் போகிறது. உங்களைப் பற்றி நல்ல விதமாக, உங்கள் அர்ப்பணிப்பைப் பற்றி, இரண்டு முறைகளிலும் நன்மை இருக்கிறது என்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதித் தர முடியும். அது உங்களுக்கு உதவுமா?

யூஜின்

*

முத்தாபுதுப்பேட்டை,
20.11.2025

யூஜின் சாருக்கு,

சிரிக்கவில்லை. அந்தப் பெண் அழுதாள் என்ற இடத்தில் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் எடுத்து மிச்சத்தையும் படித்தேன். படித்ததும் பழைய கோபம் நல்லபடியாகத் திரும்பி வந்தது.

என் அர்ப்பணிப்பைப் பற்றி எழுதுவீர்களாம். அது ஓய்வு பெறும்போது சால்வை போர்த்திவிட்டுப் படிக்கிற தாள். எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. இரண்டு முறைகளிலும் நன்மை இருக்கிறதா? நான்கும் நூற்று நாற்பத்து நான்கும் இரண்டும் சரி என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நான் நல்ல டீச்சர் என்று நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம். அதை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நான் இல்லை. உங்கள் வழி தப்பு, அது மூன்றாம் வகுப்போடு செத்துவிடும், அதனால் பிள்ளைகள் கணக்கைப் படிப்பதில்லை, என் மகளே படிக்கவில்லை என்று எழுதுங்கள். நாலு வரி. பாதர் அந்த டிவியை அணைப்பார். நான் நான்காம் வகுப்புக்குத் திரும்புகிறேனோ இல்லையோ, அது அப்புறம்.

அவளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்ற இருபத்தேழு பேரை அந்த மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கே தப்பென்று தெரிந்த ஒன்றை, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று தோன்றிய ஒன்றை, தண்ணீர் கேன் போடுகிறவர் பிள்ளைக்கு ஒரு வருஷம் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். நான் உங்களை அவசரக்காரர், பெருமைக்காரர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் பார்த்தேன்.

ரெனிதா வரலாம். சனிக்கிழமை பத்து மணி. ஃபீஸ் என்ற வார்த்தையை என் வாசலில் சொல்லாதீர்கள். நீங்கள் பாதருக்கு எழுதினாலும் எழுதாவிட்டாலும் அவள் வரலாம். எழுதினால்தான் சேர்ப்பேன் என்று நான் சொன்னால் நீங்கள் இன்றைக்கே எழுதிவிடுவீர்கள். அதனால்தான் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டு வாங்குகிற உண்மை எனக்கு வேண்டாம். தானாக வருகிறதா என்று பார்க்கிறேன்.

ஞானகுமாரி

*

குமணன்சாவடி,
26.11.2025

டீச்சர்,

மிக்க நன்றி. ரெனிதா இந்த சனிக்கிழமை வருவாள். அவள் அம்மா கூட்டி வருவாள், எனக்கு அன்று ஆபீஸில் மீட்டிங் இருக்கிறது.

பாதருக்கு எழுத வேண்டியதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது கம்பெனியில் புது வெர்ஷன் வெளியிடுகிற நேரம், சரிப்படாது. அரையாண்டுத் தேர்வெல்லாம் முடியட்டும், அமைதியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் கொஞ்சம் சென்சிடிவ். தயவுசெய்து எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

யூஜின்

*

முத்தாபுதுப்பேட்டை,
30.11.2025

யூஜின் சாருக்கு,

அரையாண்டு முடிந்ததும் கிறிஸ்துமஸ் வரும். அப்புறம் பொங்கல் வரும். அப்புறம் முழு ஆண்டு. உங்கள் நாலு வரிக்கு நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். எழுத மாட்டீர்கள். நான் அதை எதிர்பார்த்துக் கொஞ்ச நாள் தபால்காரரைப் பார்த்தேன் என்பதுதான் எனக்கு அவமானம்.

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்வாதியிடம் பேசினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளையே அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னேன், டிவியை அணைத்துவிட்டு. என்னிடம் வருகிற ஐந்து பேரைத் தவிர அநேகமாக எல்லோரும் மறுபடியும் நான்கு என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "பாதர் கேட்டா நான் இன்னா சொல்றது டீச்சர்?" என்று கேட்டாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பக்கத்து அறையில் சிலிங் சத்தம் கேட்கவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் உங்களைவிட அவளுக்கு அதிகம். நேற்று வேலைக்கு வந்தவள்.

ரெனிதா வந்தாள். உங்களை மாதிரி இல்லை, நல்ல பிள்ளை. பவித்ரா பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார வைத்தேன். உங்கள் மனைவி நிற்கவா போகவா என்று தெரியாமல் வாசலிலேயே குடையோடு நின்றார்.

நேற்றைய கணக்கு பால் பாக்கெட்டும் டிரேயும். எண்களை மறைத்துத்தான் கொடுத்தேன். ரெனிதா தாளை ஒரு தடவை பார்த்தாள், எண் இல்லை என்றதும் என் முகத்தைப் பார்த்தாள். இதற்குத்தான் நான் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி வெங்காயம் உரிப்பது. என்னிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் திரும்பி பவித்ராவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"என் மூஞ்சில இன்னா எழுதிக்கீது?" என்றாள் பவித்ரா. "பேப்பர படி."

உங்கள் மகள் அழவில்லை. தாளை இழுத்து வைத்துக்கொண்டு, விரலை முதல் வார்த்தையில் வைத்து, மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள். நேரமாகும் என்று தெரிந்ததால் உங்கள் மனைவியைப் போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னேன்.

ஞானகுமாரி